அம்மா சொல்லாமல் விட்ட ஆமென்

சாத்தான்குளத்துக்குத் தெற்கே, தேரிக்காட்டின் செம்மணல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா பள்ளி ஆசிரியர். எங்கள் வீட்டில் மாலை ஜெபம் ஏழரை மணிக்கு; விருந்தாளி வந்திருந்தாலும், பரீட்சை இருந்தாலும், மின்சாரம் போனாலும் அந்த நேரம் மாறியதில்லை. ஒரு கீர்த்தனை பாடுவோம், ஒரு சங்கீதமும் ஒரு வேதபாடமும் வாசிப்போம், அதன்பின் அப்பா முழங்காலில் நின்று ஜெபிப்பார். அவருடைய ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் திருச்சபை, பிறகு மழை, பிறகு ஊரில் நோயாய்க் கிடப்பவர்கள், பிறகு எங்கள் படிப்பு, பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. 1998-ஆம் ஆண்டின் நடுவில் அந்த வரிசையின் கடைசியில் ஒரு வாக்கியம் புதிதாகச் சேர்ந்தது. "தூரத்தில் இருக்கிற என் தம்பியையும் அவன் மனைவி பிள்ளைகளையும் ஆசீர்வதியும் ஆண்டவரே" என்பார் அப்பா. நானும் என் தம்பியும் ஆமென் சொல்லுவோம். அம்மா சொல்லமாட்டார்.

ஏன் சொல்லவில்லை என்று அப்பா ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணைத் திறந்து பார்த்ததும் இல்லை. ஒரு கணம் பொறுத்திருந்துவிட்டு, "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கிவிடுவார். அம்மா அதில் சேர்ந்துகொள்வார்.

மன்னிப்பைப் பற்றி நான் எழுதுவதென்றால் அந்த ஒரு கணத்திலிருந்துதான் எழுதமுடியும். பிரசங்கங்களில் கேட்ட உதாரணங்கள் எனக்கு நிறைய நினைவிருக்கின்றன. ஆனால் மன்னிப்பு என்பது ஒரு வீட்டுக்குள் எத்தனை ஆண்டுக்காலம் வாயிலும் தொண்டையிலும் மாட்டிக்கொண்டு கிடக்கும் என்பதை அந்த ஜெபத்தில்தான் பார்த்தேன்.

நடந்தது இதுதான். 1997 ஆகஸ்டில் சித்தப்பா வியாபாரத்துக்காக ஒருவரிடம் ஒன்றரை லட்ச ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. புரோநோட்டில் சித்தப்பா கையெழுத்துப் போட, அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம் வட்டி ஒழுங்காகப் போயிற்று. அதற்குப்பின் சித்தப்பா குடும்பத்தோடு மும்பைக்குப் போய்விட்டார். போவதாக ஒரு சொல் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் நல்லவர்தான், பொறுத்துப் பார்த்தார்; ஆனால் புரோநோட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள் என்பது எங்கள் பக்கத்தில் படிக்காதவர்களுக்கும் தெரியும், ஆகவே 2000-ஆவது ஆண்டு பிறந்ததும் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் அசலும் வட்டியுமாக இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை அப்பா அடைத்தார். பாட்டன் வழி வந்த தென்னந்தோப்பு போயிற்று, அம்மாவின் நகையில் தாலிச் சங்கிலியைத் தவிர எல்லாம் போயிற்று. நான் அந்த மார்ச்சில்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். பாளையங்கோட்டையில் இடம் கிடைத்திருந்தும் கல்லூரிக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் பணம் இல்லாததால் ஊரிலேயே இருந்து தபால் வழியில் பி.காம். படித்தேன்.

பணத்தைக் கட்டியதும் கடன்காரர் அந்த அசல் புரோநோட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜாமீன் போட்டவர் கடனை அடைத்தால், அந்தத் தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை அவருக்குச் சட்டப்படி வந்துவிடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. அதற்கும் மூன்று வருடம்தான் கெடு. உறவில் ஒரு வக்கீல் இருந்தார், "சார், ஒரு கேஸ் போடுங்கள், அவனுக்கு மும்பையில் கடை இருக்கிறது" என்று பலமுறை சொன்னார். அப்பா 2003 ஆகஸ்ட் வரை சும்மா இருந்தார். கெடு முடிந்த மாதத்தில் அம்மாவிடம், "இனி கேட்க முடியாது" என்று மட்டும் சொன்னதாக அம்மா பிறகு சொன்னார். அன்று இரவும் ஜெபத்தில் அந்த வாக்கியம் வந்தது. அன்றும் அம்மா ஆமென் சொல்லவில்லை.

இந்தப் பின்னணியில் பரமண்டல ஜெபத்தைக் கேட்டுப்பாருங்கள். ஆலயத்தில் "குற்றங்களை எங்களுக்கு மன்னியும்" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இருக்கிறபடியே சொல்லுவார், நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." மற்ற வீடுகளில் இது உருவகமாக இருக்கலாம். எங்கள் வீட்டில் கடனாளி என்றால் அவருக்கு ஒரு முகம் இருந்தது, அப்பாவின் மூக்கும் நெற்றியும் கொண்ட முகம். கத்தோலிக்கச் சகோதரர்கள் இதே வேண்டுதலை "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்லுகிறார்கள். பொறுத்தல் என்பது தமிழில் பழைய, ஆழமான சொல்; சுமத்தல் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. ஆனாலும் கடன் என்ற சொல்லின் கடுமை எனக்கு வேண்டியிருக்கிறது. இயேசு பேசிய அரமேயிக் மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல்தான் வழங்கியது என்று வேதபண்டிதர்கள் சொல்லுகிறார்கள். ஒருவன் பிறனுக்குத் தீங்கு செய்யும்போது அவனிடமிருந்து எதையோ எடுத்துவிடுகிறான்; எடுத்தது திரும்பாவிட்டால் அந்தக் குறை எங்கேயாவது யாராவது தாங்கியாக வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்தால் அந்தப் பணம் காற்றில் கரைந்துபோவதில்லை, தள்ளுபடி செய்தவன் கையிலிருந்து போகிறது. பி.காம். படித்து ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் பேதுரு, "எத்தனைதரம் மன்னிக்கவேண்டும், ஏழுதரமோ?" என்று கேட்க, ஆண்டவர் ஏழெழுபதுதரம் என்று சொல்லிவிட்டு ஒரு உவமை சொல்லுகிறார். ராஜாவிடம் ஒரு ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ராஜா அதை மன்னித்துவிட்டான். வெளியே வந்த அந்த ஊழியக்காரன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டிருந்த உடன்வேலைக்காரனைப் பிடித்துத் தொண்டையை நெரித்தான். திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையில் ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் பணம். அப்படியானால் பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு முந்நூறு நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருடம் ஆகும். எந்த மனிதனாலும் அடைக்க முடியாத தொகை என்பதைச் சொல்லத்தான் அந்த எண்.

இந்த ஒப்பீட்டை வைத்துப் பிரசங்கிப்பவர்கள் பெரும்பாலும் ஒரு தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம். பதினாயிரம் தாலந்தின் முன்னே நூறு வெள்ளிப்பணம் அற்பம், ஆகவே உனக்குச் செய்யப்பட்ட தீங்கும் அற்பம், அதை மறந்துவிடு என்று முடித்துவிடுகிறார்கள். நூறு வெள்ளிப்பணம் அற்பமா? அது நூறு நாள் கூலி. பனையேறியோ பீடி சுற்றியோ பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு நூறு நாள் கூலி போனால் அந்த வருடம் அடுப்பு எப்படி எரியும்? ஆண்டவர் ஒரு காசு என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பட்டவனுக்கு வலிக்கக்கூடிய ஒரு தொகையைத்தான் சொன்னார். தென்னந்தோப்பு அற்பமல்ல, என் படிப்பும் அற்பமல்ல. அப்பா மன்னித்தார் என்றால் அற்பமல்லாத ஒன்றைத்தான் மன்னித்தார்.

அதே அதிகாரத்தில், பேதுரு கேள்வி கேட்பதற்குச் சற்று முன்னால் இன்னொரு வசனம் இருக்கிறது. பிரசங்கபீடங்களில் அது அதிகம் ஒலிப்பதில்லை. "உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." அவன் கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போகவேண்டும், அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்குத் தெரிவிக்கவேண்டும். ஏழெழுபதுதரம் என்பதற்கு முன்பே இந்த வழிமுறை வைக்கப்பட்டிருக்கிறது. குற்றத்தைக் குற்றம் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மன்னிப்புக்கே இடம் வருகிறது. அடித்துத் துன்புறுத்தும் கணவனிடம், "மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போம்மா, ஜெபம் பண்ணு" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இந்த அதிகாரத்தின் பிற்பாதியை மட்டும் படித்தவர்கள். மன்னிப்பை மற்றவர் வாயால் யாரும் சொல்ல முடியாது. பாதிக்கப்பட்டவரிடம் அதைக் கேட்டு வாங்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

இதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர் அம்மாதான். 1999 ஜனவரி 22-ஆம் தேதி இரவு ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்து மனோகர்பூரில், தொழுநோயாளர் நடுவில் பல ஆண்டுகள் ஊழியம் செய்துவந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய பத்து வயது மகன் பிலிப்பையும் ஆறு வயது மகன் திமோத்தியையும், வாகனத்துக்குள் உறங்கிக்கொண்டிருந்த நிலையில் ஒரு கும்பல் தீவைத்துக் கொன்றது. மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். நாடே திகைத்துப்போனது. அடுத்த ஞாயிறுகளில் எங்கள் ஆலயத்திலும் அதைப்பற்றித்தான் பிரசங்கம். பிரசங்கம் முடிந்து வீட்டுக்கு வந்த ஒரு உறவினர் அம்மாவைப் பார்த்து, "அந்த அம்மாவே மன்னிச்சிட்டாங்க, நீ ஒரு கடனை மன்னிக்கமாட்டேங்கிற" என்றார். அம்மா காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "அந்த அம்மா அவங்களுக்கு வந்ததை மன்னிச்சாங்க. எனக்கு வந்ததை நான்தான் பாக்கணும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் வேறொன்றையும் சொல்லியிருந்தார் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன். மன்னிப்பையும் குற்றத்தின் விளைவுகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக்கூடாது என்பது அவர் நிலை. அவர் மன்னித்தார், சட்டம் தன் வழியில் போயிற்று. முதன்மைக் குற்றவாளிக்கு 2003-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டு, 2005-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைக்க, 2011-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கொலை நடந்த பிறகும் கிளாடிஸ் உடனே நாடு திரும்பிவிடவில்லை. சில ஆண்டுகள் ஒடிசாவின் பாரிப்படாவிலேயே தங்கி, கணவர் கவனித்துவந்த தொழுநோயாளர் இல்லத்தை நடத்தினார். மன்னித்தேன் என்ற அந்த ஒரு வாக்கியம்தான் செய்தித்தாளில் வந்தது. அதற்குப் பின்னால் அந்த இல்லத்தில் புண்களுக்குக் கட்டுப்போட்டு, கணக்கு எழுதி, மகள் எஸ்தரைப் பள்ளிக்கு அனுப்பிய சாதாரண நாட்கள்தான் அந்த வாக்கியத்தைத் தாங்கிப்பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பாவிடம் திரும்புகிறேன். அவர் எப்படி மன்னித்தார் என்று கேட்டால், ஜெபத்தினால் என்பது பதிலாகாது. எந்த ஜெபத்தினால் என்று சொல்லவேண்டும். அவர் சித்தப்பாவின் மனந்திரும்புதலுக்காக ஜெபித்ததை நான் கேட்டதில்லை. எதிராளியைத் திருத்தும்படி கேட்கும் ஜெபத்தில் ஒரு மறைமுகமான குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். நம்மில் பலர் அதைத்தான் மன்னிப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்பா வெறுமனே ஆசீர்வதியும் என்றார், அதையும் பெயர் சொல்லிச் சொன்னார். மும்பையிலிருந்து லீவுக்கு வரும் ஊர்க்காரர்களிடம் சித்தப்பாவின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். சித்திக்கு மூன்றாவது குழந்தை பிறந்த செய்தி எங்களுக்குச் சுற்றிவளைத்து வந்தபோது, பெயர் தெரியாததால் இரண்டு மாதம் "அந்தச் சின்னப் பிள்ளையையும்" என்று ஜெபித்தார். பெயர் தெரிந்ததும் சேர்த்துக்கொண்டார். ஒருவனுடைய பிள்ளைகளின் பெயர்களைத் தினமும் கடவுளுக்கு முன்னால் சொல்லிக்கொண்டே அவன் கெட்டுப்போகவேண்டும் என்று விரும்புவது மிகக் கடினம். முடியாதது என்று சொல்லமாட்டேன். கடினம்.

அப்பாவுக்குக் கோபமே வரவில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு சங்கீதமாக வரிசையாக வாசிப்போம். நூற்றைம்பது சங்கீதம் முடிய ஐந்து மாதம் ஆகும், பிறகு மறுபடி முதலிலிருந்து. ஆகவே ஐந்து மாதத்துக்கு ஒருமுறை 109-ஆம் சங்கீதம் தவறாமல் வரும். நன்மைக்குத் தீமை செய்தவன் மேல் தாவீது சாபங்களை அடுக்கும் சங்கீதம் அது. கடன் கொடுத்தவன் அவனுக்குள்ளதையெல்லாம் பறித்துக்கொள்ளட்டும் என்றுகூட அதில் ஒரு சாபம் இருக்கிறது. பல வீடுகளில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்பா தாண்டியதில்லை. ஒரு வசனம் விடாமல், சற்றுத் தாழ்ந்த குரலில், சில இடங்களில் நின்று நின்று வாசிப்பார். வாசித்து முடித்த அதே மூச்சில் முழங்காலில் நின்று தம்பியை ஆசீர்வதிக்கச் சொல்லுவார். அன்றைக்கு மட்டும் அம்மா, சங்கீதம் முடிந்த கையோடு, சத்தமாக ஒரு ஆமென் போடுவார். எனக்கும் தம்பிக்கும் சிரிப்பு வந்துவிடும். அப்பாவின் உதட்டிலும் ஒரு புன்னகை இருந்ததோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

அந்தச் சங்கீதம் வேதபுத்தகத்தில் இருப்பதற்காக நான் நன்றியுள்ளவளாயிருக்கிறேன். கோபத்தைக் கடவுளிடம் கொண்டுபோகத் தெரியாதவர்கள் அதை அடுத்த மனிதனிடம் கொண்டுபோகிறார்கள், அல்லது உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு எனக்குக் கோபமே இல்லை என்று சாட்சி சொல்லுகிறார்கள். சாட்சிக் கூட்டங்களில், "அந்த நிமிஷமே ஆண்டவர் என் கசப்பையெல்லாம் எடுத்துப்போட்டார்" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வரும். சிலருக்கு அப்படி நடக்கலாம்தான். எங்கள் வீட்டில் ஐந்து மாதத்துக்கு ஒருமுறை அது திரும்ப வந்தது, திரும்பவும் ஜெபத்தில் வைக்கப்பட்டது. ஏழெழுபதுதரம் என்பது நானூற்றுத் தொண்ணூறு வெவ்வேறு குற்றங்களைக் குறிக்க வேண்டியதில்லை. ஒரே குற்றத்தை, நினைவு வரும் ஒவ்வொரு தரமும் மன்னிப்பதையும் அது குறிக்கலாம்.

2014-இல் அப்பா இறந்துபோனார். அடக்க ஆராதனைக்குச் சித்தப்பா வரவில்லை. வந்தால் என்ன சொல்லிவிடுவோமோ என்று நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது வீட்டுப் பத்திரம், பட்டா, எங்கள் ஞானஸ்நானச் சான்றிதழ்கள் ஆகியவற்றோடு அந்தப் புரோநோட்டும் இருந்தது. வருவாய் முத்திரையின் மேல் சித்தப்பாவின் கையெழுத்து. கீழே அப்பாவின் கையெழுத்து. இதைக் கிழித்துப்போட்டுவிடலாம் என்றான் தம்பி. "அது உங்க அப்பா கையெழுத்து, இருக்கட்டும்" என்று அம்மா வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுல், நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் கிறிஸ்து குலைத்து, அதை நடுவிலிருந்து எடுத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று எழுதுகிறார். கையெழுத்து என்று தமிழில் வந்திருக்கும் அந்தக் கிரேக்கச் சொல், கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரத்தைக் குறிப்பது. எத்தனையோ முறை கேட்ட வசனம்தான். ஆனால் அந்தப் பழுப்பேறிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அது புரோநோட்டு என்று எனக்கு உறைத்தது. பிலேமோனுக்கு எழுதிய ஒரே அதிகாரக் கடிதத்திலும் பவுல், உம்முடைய அடிமையாயிருந்த ஒநேசிமு உம்மிடத்தில் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, இதை என் சொந்தக் கையாலே எழுதினேன் என்று கையெழுத்தும் போடுகிறார். அது ஒரு ஜாமீன் கையெழுத்து. அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான் என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. எபிரெயர் நிருபமோ இயேசுவையே பிணையாளி என்கிறது. வேதம் இந்த இரண்டையும் சொல்லுகிறது. அப்பா இரண்டையும் அறிந்தே கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பி கேட்டான் என்று போட்டிருப்பார். ஆனால் பணத்தைக் கட்டியதும், வழக்குப் போடாமல் மூன்று வருடம் அமைதியாயிருந்ததும் அறிந்து செய்தவைதான்.

அப்பா போனபின் மாலை ஜெபத்தை அம்மா நடத்தினார். மதுரையிலிருந்து நான் ஊருக்குப் போகும் நாட்களில் கவனித்தேன். அதே வரிசை, அதே திருச்சபை, அதே மழை. கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

2016 லெந்து (தவக்கால) நாட்களில் ஒரு வாரம் விடுப்பெடுத்துப் போயிருந்தேன். சித்திக்கு மும்பையில் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று மாலை அம்மா நோயாளிகளுக்காக ஜெபிக்கும் இடத்தில் சித்தியின் பெயரைச் சொன்னார். சித்தப்பாவின் பெயர் இல்லை, தம்பி என்ற உறவு இல்லை, ஆசீர்வாதம் இல்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் ஜெபித்தார், அவ்வளவுதான். பிறகு சித்தி குணமானாள் என்ற செய்தி வந்தபோது ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு அவள் பிள்ளைகள். சித்தப்பாவின் பெயர் கடைசியாக எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஊரில் இல்லாத ஏதோ ஒரு சாதாரண மாலையில் வந்திருக்கிறது.

2018-இல் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சித்தப்பாவும் சித்தியும் ஊருக்கு வந்தார்கள். திருவிருந்து ஆராதனைக்கு எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் அமர்வது வழக்கம். அம்மாவுக்குப் பின்வரிசையில் சித்தி வந்து உட்கார்ந்தாள். தென்னிந்தியத் திருச்சபையின் 1950-ஆம் ஆண்டு வழிபாட்டு முறையில் காணிக்கைக்கு முன்பாகச் சமாதானம் கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகவேண்டும் என்ற ஆண்டவருடைய சொல்லே அந்த இடத்தில் செய்கையாக நிற்கிறது. "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது" என்ற வார்த்தைகள் ஒலிக்க, குருவானவரிடமிருந்து தொடங்கும் சமாதானம் கையிலிருந்து கைக்கு வரிசைவரிசையாகப் பின்னால் போகும். வாங்கியவர் தம் இரு கைகளுக்குள் அடுத்தவர் கையைப் பொதிந்து கொடுக்கவேண்டும். இப்போது பல இடங்களில் ஒரு வணக்கத்தோடு முடித்துவிடுகிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் கைகளைப் பொதிந்துதான் கொடுக்கிறார்கள்.

முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி திரும்பி அம்மாவின் கையைப் பிடித்துக் கொடுத்தார். அம்மா அதை எனக்குக் கொடுத்திருக்கலாம். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மா பின்னால் திரும்பினார். சித்தி அழுதாள். அம்மா அழவில்லை.

ஆனால் அதோடு முடிந்துவிட்டதாக அம்மா நினைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்த சித்தப்பா, "மதினி, நான்..." என்று தொடங்கி நிறுத்தினார். அம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தோப்பு போச்சு. இந்தப் பிள்ளை படிப்பு போச்சு. அவங்க கடைசி வரைக்கும் நீங்க வருவீங்கன்னு பாத்தாங்க. இதைச் சொல்லாம உங்களோட உக்காந்து என்னால சாப்பிட முடியாது தம்பி. சொல்லிட்டேன். வாங்க, அசனத்துக்கு நேரமாச்சு." சித்தப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. அசனம் என்ற அந்தப் பொதுப் பந்தியில் அம்மா அவர்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். நீயும் அவனும் தனித்திருக்கையில் என்ற வசனத்துக்குச் சரியாகப் பொருந்தாது, நானும் பக்கத்தில் நின்றேன். ஆனாலும் அந்த வசனத்தை யாராவது கைக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

என் பங்கு இவ்வளவு நேர்த்தியானதல்ல. 2023-இல் சித்தப்பாவின் மூத்த மகன் என்னை அழைத்தான். கடை விரிவாக்கத்துக்குக் கடன் வாங்குவதாகவும், மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டியிருப்பதாகவும் சொன்னான். அப்பா இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜெபத்தில் பெயர் சொன்ன பையன் அவன். நான் முடியாது என்றேன். என்னால் முடிந்த ஒரு சிறு தொகையை, திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லி, அனுப்பினேன். அதை அவன் வாங்கிக்கொண்டான். பிறகு பல இரவுகள் எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. மன்னிப்பது வேறு, மறுபடி நம்பிப் பிணைப்படுவது வேறு என்று எனக்கு நானே வாதாடினேன். யோசேப்பு தன் சகோதரரை மன்னித்தான், ஆனால் தன்னை வெளிப்படுத்துவதற்கு முன் அவர்களைச் சோதித்துப் பார்த்தான் அல்லவா என்று வசனம் தேடினேன். வாதம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் முடியாது என்று சொன்ன அந்த வேகத்தில் சம்பளக்காரியின் முன்யோசனை எவ்வளவு, விடுதிக்குப் பணமில்லாமல் வீட்டில் உட்கார்ந்த பதினேழு வயதுப் பெண்ணின் பழைய கணக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் பெயரை என் ஜெபத்தில் சேர்த்திருக்கிறேன். சில நாட்களில் சொல்லும்போது நாக்குத் தடுக்குகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கையெழுத்துப் போடாதது சரிதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் சித்தப்பா என் கணக்குக்கு ஐயாயிரம் ரூபாய் அனுப்பினார். அழைப்பு இல்லை, செய்தி இல்லை. செல்போனில் வரவு மட்டும் காட்டியது. இருபத்துநான்கு ஆண்டுகளில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் பணம். இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்தில் எத்தனை பங்கு என்று என் மூளை உடனே கணக்குப் போட்டது. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அதைப் பணமாக எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா ஒரு முறை எண்ணிப்பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார். சாயங்காலம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்துக்கு வசூலிக்க வந்த சபை ஊழியரிடம் அப்படியே எடுத்துக் கொடுத்து, ரசீதில் சித்தப்பாவின் பெயரை எழுதச் சொன்னார். அவர் எழுதிக் கிழித்துக் கொடுத்த ரசீதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் புரோநோட்டுக்கு மேல் வைத்தார்.